வேண்டாத கண்ணாடிகள்

எங்கள் கண்ணாடிக் கடையில் அவளை எல்லோரும் பவர் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். வீட்டிலோ கடையிலோ அவள் சொல்லி ஒரு நாற்காலிகூட இடம் மாறியதில்லை; அதனால் அந்தப் பெயரில் கொஞ்சம் கேலியும் உண்டு. ஆனால் பெயர் வந்த காரணம் வேறு. எந்தக் கண்ணாடியைக் கையில் கொடுத்தாலும் கருவியில் வைக்காமலே அதன் பவரைச் சொல்லிவிடுவாள். ஒரு கண்ணை மூடி, கையை நீட்டி, லென்ஸ் வழியாக ஜன்னல் கம்பியைப் பார்ப்பாள். லென்ஸை இடமும் வலமும் மெல்ல அசைப்பாள். கம்பி எதிர்ப்பக்கம் ஓடினால் பிளஸ். கூடவே வந்தால் மைனஸ். லென்ஸைச் சுழற்றும்போது கம்பி ஒடிந்தாற்போலச் சாய்ந்தால் சிலிண்டர், அதாவது ஒரு திசைக்கு மட்டுமான பவர். "மைனஸ் ரெண்டேகால், சிலிண்டர் முக்கால்" என்பாள். நான் கருவியில் வைத்துச் சரிபார்ப்பேன். கால் பவர்கூடத் தப்பாது.

நான் முன்னறையில் கண் பரிசோதிப்பவள். அவள் பின்னறையில் லென்ஸ் தேய்ப்பவள். பதினாறு வருடம் அப்படி வேலை பார்த்தோம். நடுவே ஒரு மரத்தடுப்பு, அதில் தபால் பெட்டி வாய் மாதிரி ஒரு திறப்பு. நான் அதன் வழியாகச் சீட்டை நீட்டுவேன். ஒரு மணி நேரம் கழித்துக் கண்ணாடி வெளியே வரும், கூடவே லென்ஸ் தேய்க்கும் வெள்ளைச் சேறு காய்ந்துபோன நாலு விரல்கள். வாடிக்கையாளர்கள் அந்த விரல்களைத் தவிர அவளைப் பார்த்ததில்லை. அவளும் அவர்களைப் பார்த்ததில்லை. "இத்தனை வருஷத்துல ஒருத்தர் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு முதல்ல எதைப் பாக்கறாங்கன்னு எனக்குத் தெரியாது" என்று ஒருமுறை சொன்னாள். குறையாகச் சொல்லவில்லை. மழை பெய்கிறது என்று சொல்வதைப்போலச் சொன்னாள்.

கடை வாசலில் ஒரு அட்டைப்பெட்டி இருந்தது. ஆப்பிரிக்காவில் வேலை செய்யும் ஒரு தொண்டு நிறுவனத்தின் பெட்டி. உங்களுக்கு வேண்டாத கண்ணாடியை இதில் போடுங்கள், அங்கே ஒருவருக்குப் பார்வை கிடைக்கும் என்று அதன்மேல் எழுதியிருக்கும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அது நிரம்பும். முதலாளிக்கு அதை அப்படியே கட்டி அனுப்பினால் போதும். அக்கா விடமாட்டாள். வேலை முடிந்து அரை மணி நேரம் உட்கார்ந்து ஒவ்வொரு கண்ணாடியையும் கழுவி, பவர் பார்த்து, ஒரு சின்னச் சீட்டில் வலது இவ்வளவு, இடது இவ்வளவு என்று எறும்பு ஊர்வது மாதிரி எழுதி, அதன் காதுக்கம்பியில் ஒட்டி அனுப்புவாள். எட்டு வருடம் செய்தாள். யாரும் கேட்கவில்லை, யாரும் நன்றி சொல்லவும் இல்லை.

அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்று கேட்டால் "ஆகலை" என்பாள். தம்பி குடும்பத்தோடு இருந்தாள். ஒன்பது வருடம் படுக்கையில் கிடந்த அம்மாவைக் குளிப்பாட்டி, திருப்பிப் படுக்கவைத்து, ஊட்டிவிட்டு, அதற்குப் பிறகுதான் கடைக்கு வருவாள். அம்மா போன மறுமாதம் தம்பி மனைவி, "இனிமே நீங்க ஃப்ரீதானே அண்ணி" என்று சொல்லிக் காலை வேலை முழுவதையும் அவள் தலையில் கட்டினாள். அக்கா அதையும் செய்தாள். ஆனால் அந்த வருடம்தான், அந்தத் தொண்டு நிறுவனத்திலிருந்து வந்த ஒரு தாளை மரத்தடுப்புத் திறப்பு வழியாக என்னிடம் நீட்டினாள். மூன்று மாதத்துக்குத் தொண்டர்கள் தேவை, கண்ணாடித் தொழில் தெரிந்தவர்களுக்கு முன்னுரிமை என்று போட்டிருந்தது.

"என்ன இது?"

"நானும் எழுதிப் போட்டேன். வரச் சொல்லிட்டாங்க."

அப்போது அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது. அதுவரை விமானம் என்றால் அண்ணாந்து பார்த்ததோடு சரி.

தம்பி குதித்தார். "சேவை செய்யணும்னா வீட்டுல செய்ய ஆளில்லையா? சிங்கம் புலி திரியற இடத்துக்கு எதுக்குப் போகணும்?" என்றார். "நீ சும்மா இரு, எனக்கும் பாக்கணும்னு இருக்கு" என்றாளாம் அக்கா. எதைப் பார்க்கணும் என்று அவர் கேட்கவில்லை. நான் கேட்டேன். "கண்ணாடி போட்டுக்கறப்ப அவங்க முகத்தை" என்றாள். கடன் இல்லாமல், யார் கையையும் எதிர்பார்க்காமல், தன் சேமிப்பில் டிக்கெட் எடுத்துக்கொண்டு போனாள். முதலாளி சம்பளமில்லா விடுப்பு கொடுத்தார். வழியனுப்பப் போனவள் நான் ஒருத்திதான். பெட்டி எடை கூடிவிட்டதென்று விமான நிலையத்தில் திறந்து இரண்டு புடவையை எடுத்து என்னிடம் கொடுத்தாள். எடையெல்லாம் துடைக்கும் துணியும், திருகாணிகளும், மூக்குப்பட்டைகளும். மூன்று மாதம் கழித்து அவளை அழைத்துவரப் போனவளும் நான்தான். இடையில் நடந்ததெல்லாம் அவள் எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாக, திறப்பு வழியாகவும் பேருந்திலும், சொன்னது.

அங்கே சிங்கமும் இல்லை, புலியும் இல்லை. பெரிய நகரம். தங்கிய அறையின் ஜன்னலைத் திறந்தால் செல்போன் கடை, பஞ்சர் கடை, பள்ளிக்கூட வேன் நிற்கும் இடம். தெருமுனையில் இரண்டு கண்ணாடிக் கடைகள் இருந்தன. அவற்றைப் பார்த்ததும் அவளுக்கு முதல் உறுத்தல். இங்கேயும் கண்ணாடிக் கடை இருக்கிறதே, பிறகு நாம் எதற்கு என்று தோன்றியதாம். இல்லாதவர்களுக்காகத்தான் இருக்கும் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

தொண்டு நிறுவனத்தின் அலுவலகம் ஒரு மாடி அங்காடிக்கு எதிரே இருந்தது. ஒருங்கிணைப்பாளர் அவளை வாசலுக்கே வந்து வரவேற்றார். நம் பக்கத்து ஆள்தான், நம் பாஷை பேசுபவர். பாஷை கேட்டதும் அவளுக்குப் பாதி தெம்பு வந்துவிட்டது. அவர் சிரித்த முகம் மாறாமல் எல்லா அறைகளையும் காட்டினார். சுவரெல்லாம் படங்கள், கண்ணாடி போட்ட முகங்கள். கடைசியாக ஒரு கிடங்கு. உள்ளே பிளாஸ்டிக் கூடைகளில் கண்ணாடிகள், வாழைக்காய் கொட்டி வைத்த மாதிரி. மூவாயிரத்துக்கும் மேல்.

அக்கா ஒரு கூடைக்குள் கைவிட்டாள். ஒரு பழுப்புச் சட்டம் கையில் வந்தது. ஒரு காதில் அவளே போட்ட மாற்றுத் திருகாணி. அவள் கழுவி அனுப்பியதுதான். சீட்டு இல்லை.

"இதுல ஒட்டியிருந்த பேப்பர் எங்க சார்?"

"ஓ, அந்த குட்டிக் குட்டிப் பேப்பரா? வந்ததும் கிழிச்சுடுவோம்மா. போட்டோல அசிங்கமாத் தெரியும். அப்புறம் ஜனங்க இது என்ன, அது என்னன்னு கேட்டு உயிரை எடுப்பாங்க."

"அதுல பவர் எழுதியிருந்ததே."

"அப்படியா?" என்றார். உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். "யாரோ வேலை இல்லாதவங்கன்னு நினைச்சேன்."

அந்த யாரோ நான்தான் என்று அவள் சொல்லவில்லை. எட்டு வருடம். ஒரு நாளைக்கு அரை மணி.

"அப்ப யாருக்கு எதைக் கொடுக்கறதுன்னு எப்படிப் பாப்பீங்க?"

"அவங்களே போட்டுப் பாத்து எடுத்துக்குவாங்க. எது பிடிக்குதோ அது. நாங்க எதையும் திணிக்கறதில்லை." அதைப் பெருமையாகவே சொன்னார்.

அங்கே அரசு மருத்துவமனையிலிருந்து வாரம் இரண்டு நாள் வந்துபோகும் ஒரு சுகாதார உதவியாளர் இருந்தார். ஓய்வுபெற இரண்டு வருடம் பாக்கி இருந்த, மெலிந்த மனிதர். உள்ளூர் பாஷையில் சொல்வதை அவர்தான் அவளுக்கு மாற்றிச் சொல்லுவார். அவருக்கும் அவளுக்கும் நடுவே இருந்தது இருவருக்கும் பாதி தெரிந்த ஆங்கிலம். ஆனால் அக்கா எனக்குச் சொல்லும்போது அவர் நம்மைப் போலத்தான் பேசுவார். முதல் நாள் அவர் கேட்டாராம்: "நீங்க நிஜமாவே கண்ணாடி வேலை தெரிஞ்சவங்களா? போன தடவை வந்தவங்க பேங்க்ல வேலை பாக்கறவங்க. அதுக்கு முன்னாடி ரெண்டு பேர் பாட்டு டீச்சர்."

அவள் ஒரு கண்ணாடியை எடுத்து ஜன்னலுக்கு நேரே பிடித்து, அசைத்து, பவரைச் சொன்னாள். அவர் அந்தக் கண்ணாடியை வாங்கிக் கூடையில் வைத்தார். "அப்ப நீங்க ரொம்பக் கஷ்டப்படப் போறீங்க" என்றார்.

அங்கே பவர் பார்க்கும் கருவி இல்லை. சுகாதார உதவியாளரைக் கூட்டிக்கொண்டு தெருமுனைக் கண்ணாடிக் கடைக்குப் போய், மாலையில் ஒரு மணி நேரம் உங்கள் கருவியைப் பயன்படுத்திக்கொள்ளலாமா என்று கேட்டாள். கடைக்காரர் மரியாதையாக உட்காரவைத்து டீ கொடுத்தார். பிறகு சொன்னார்: "நீங்க மைக் வச்சு இலவசம்னு கூவறீங்க. அன்னையிலேர்ந்து ரெண்டு மாசம் என் கடைக்கு ஈ காக்கா வராது. அப்புறம் தலைவலியோட வருவாங்க, ஆனா வாங்க மாட்டாங்க, அடுத்த இலவசத்துக்குக் காத்திருப்பாங்க. இப்ப என் மெஷினும் வேணுமா அம்மா?" டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்தாள்.

பிறகு கையால்தான். காலையில் கிடங்கைத் திறந்து, ஜன்னல் கம்பி தெரியும்படி ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால், வெளிச்சம் மங்கும்வரை. ஐந்து வாரம். ஒவ்வொன்றாக எடுத்து, ஒரு கண் மூடி, கை நீட்டி. மூடிய கண்ணில் துடிப்பு வந்தது. தோள்பட்டை இறங்க மறுத்தது. கோடு விழுந்தது, சட்டம் உடைந்தது, ஒருவருக்கென்று தனியாகச் செய்த தாறுமாறான சிலிண்டர் லென்ஸ்கள், இதையெல்லாம் கழித்தபின் யாருக்காவது உதவும் என்று நின்றவை அறுநூற்று நாற்பது. மற்றதெல்லாம் குப்பை. பாதிக்கு மேல் எங்கள் கடை வாசலில் விழுந்தது போல, வீட்டை ஒழிக்கும்போது தூக்கிப் போட மனசு வராமல் பெட்டியில் போட்டவை.

ஒருங்கிணைப்பாளரிடம் கணக்கைச் சொன்னபோது அவர் முகத்தில் ஈயாடவில்லை. "அறுநூறா? மூவாயிரம்னு எழுதிக் கொடுத்திருக்கோமே அம்மா."

இந்த வேலைக்கு நடுவே அவளுக்கு ஒரு சிநேகம் கிடைத்தது. எதிர் அங்காடியின் மாடியில் பழைய துணி விற்கும் ஒரு பெண். துணிக்காரம்மா என்று வைத்துக்கொள்வோம், அக்கா அப்படித்தான் சொல்வாள். அவளுக்கும் ஏறக்குறைய இதே வயது. தலையில் துணி மூட்டையோடு அந்த இரும்புப் படியில் ஒரு நாளைக்கு இருபது முறை ஏறி இறங்குவாள். அக்கா குளிருக்கு ஒரு கம்பளி வாங்கப்போன இடத்தில் பழக்கம். இவள் அவளைப் பார்த்துச் சிரிப்பாள், அவள் இவளைப் பார்த்துச் சிரிப்பாள், அவ்வளவுதான் பேச்சு. ஒருநாள் ஒரு சட்டைக்குப் பித்தான் தைக்க அவள் ஊசியை முகத்துக்கு எட்ட எட்டப் பிடித்துத் தவிப்பதை அக்கா கண்டாள். மறுநாள் சுகாதார உதவியாளரின் சோதனை லென்ஸ் பெட்டியை எடுத்துக்கொண்டு போய் அங்கேயே உட்கார்ந்து பார்த்தாள். தூரப்பார்வை கழுகு மாதிரி. கிட்டப் படிக்க மட்டும் ஒன்றரை பிளஸ் வேண்டும். நாற்பது கடந்த யாருக்கும் வருவதுதான். "உனக்கு நானே பாத்து எடுத்து வைக்கறேன்" என்று கையைக் காட்டிச் சொன்னாள். அவளுக்குப் புரிந்தது.

கண்ணாடி வழங்கும் முகாம் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் நடந்தது. வெளிநாட்டிலிருந்து பெரிய நன்கொடையாளர்கள் பார்க்க வருகிறார்கள் என்பதால் நாற்காலிக்கெல்லாம் வெள்ளை உறை போட்டிருந்தார்கள். ஜனம் விடியலிலேயே வந்து வெயிலில் நின்றது. ஆயிரத்துக்கு மேல் இருக்கும். அக்கா தன் அறுநூற்று நாற்பதையும் பவர்வாரியாகத் தட்டுகளில் அடுக்கி, புதுச் சீட்டு எழுதி வைத்திருந்தாள். அவளும் சுகாதார உதவியாளரும் ஒவ்வொருவராகப் பார்த்துப் பார்த்துக் கொடுத்தார்கள். ஒரு கிழவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதலில் தன் கை நகத்தைப் பார்த்தாராம். நகத்தில் இருந்த அழுக்கைப் பார்த்து வெட்கப்பட்டுச் சிரித்தார். "பதினோரு மணி வரைக்கும் நான் சந்தோஷமா இருந்தேன்டி" என்றாள் அக்கா. அந்த மூன்று மாதத்தில் அவள் சந்தோஷம் என்று சொன்னது அந்த இரண்டு மணி நேரத்தை மட்டும்தான்.

பதினோரு மணிக்கு நன்கொடையாளர்களின் வண்டிகள் வந்தன. வரிசை நகரவே இல்லையே என்று ஒருங்கிணைப்பாளர் வந்தார். பின்னாலேயே நாலு பேர், கூடைகளோடு. அவள் குப்பை என்று ஒதுக்கி மூலையில் கட்டி வைத்திருந்த மூட்டைகளெல்லாம் கூடைக்குத் திரும்பியிருந்தன. மேசைமேல் கவிழ்த்தார்கள்.

"சார், இதெல்லாம் கொடுக்கக் கூடாது. கண்ணு கெட்டுப்போகாது, ஆனா தடுக்கி விழுவாங்க, தலை சுத்தும்..."

"அம்மா, அவங்களுக்கு ஒண்ணுமே இல்லை. ஒண்ணுமில்லாததுக்கு இது மேல் இல்லையா?"

"இல்லை சார். இதைவிட ஒண்ணுமில்லாம இருக்கறது மேல்."

"அதை வெயில்ல நிக்கிற ஜனத்துக்கிட்ட நீங்க சொல்றீங்களா?"

அவள் ஜனத்தைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள். இதை எனக்குச் சொன்னபோது அவள் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு வார்த்தை சேர்க்கவில்லை. "நான் அங்கயே கத்தியிருக்கணும். கத்தலை" என்றாள்.

மைக்கில் அறிவிப்பு போனது. சுகாதார உதவியாளர் அதைக் கேட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டு அவளிடம் சொன்னார்: முதலில் கொஞ்சம் தலை சுற்றும், தரை சாய்ந்த மாதிரி தெரியும், பயப்பட வேண்டாம், நாலு நாளில் பழகிவிடும், கழற்றாமல் போட்டுக்கொள்ளுங்கள்.

துணிக்காரம்மா அப்போதுதான் வந்தாள். நல்ல உடுப்பு உடுத்தி வந்திருந்தாள். ஒன்றரை பிளஸ் எல்லாம் தீர்ந்திருந்தது, ஆனால் அவளுக்கென்று எடுத்துவைத்தது அக்காவின் கைப்பையில் இருந்தது. அதை எடுக்கக் குனிந்தபோது ஒருங்கிணைப்பாளர் புகைப்படக்காரரோடு பக்கத்தில் வந்து நின்றார். கைப்பையிலிருந்து வந்த கறுத்த பிளாஸ்டிக் சட்டத்தைப் பார்த்து முகம் சுளித்தார். மேசையிலிருந்து ஒரு தங்க நிறக் கண்ணாடியை எடுத்து அக்கா கையில் வைத்தார். "இதைப் போட்டு விடுங்கம்மா, நல்லா எடுப்பா இருக்கும். ஒரே ஒரு போட்டோ."

மைனஸ் நாலு, கோணல் சிலிண்டர். அக்காவுக்கு அதைத் தொட்டதுமே தெரியும், அவளே ஒதுக்கியதுதான். ஒரு படம்தானே, எடுத்தபின் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்து, கறுத்ததைப் பைக்குள் திரும்ப வைத்தாள். தங்கக் கண்ணாடியைப் போட்டுவிட்டாள். நன்கொடையாளர்கள் கை தட்டினார்கள். துணிக்காரம்மாவுக்கு முகம் பார்க்கும் கண்ணாடியைக் காட்டினார்கள். தங்கச் சட்டத்தில் தன்னைப் பார்த்து அவள் வாய் பொத்திச் சிரித்தாள். யாரோ அக்காவை இழுத்து அடுத்த படத்துக்கு நிறுத்தினார்கள். திரும்பியபோது அவள் இல்லை. கூட்டத்தில் தேடினாள், தங்கச் சட்டம் எங்கேயும் தெரியவில்லை. நாளைக்கு அங்காடியிலேயே மாற்றிக்கொடுப்போம் என்று விட்டுவிட்டாள்.

மறுநாள் அவளுக்குக் காய்ச்சல். அதற்கு மறுநாளும். மூன்றாம் நாள் எதிர்மாடிக்குப் போனால் துணிக்கடை மூடியிருந்தது. பக்கத்துக் கடைக்காரி இரும்புப் படியைக் கையால் காட்டினாள்; பிறகு தன் தொடையைக் காட்டி, குச்சியை முறிப்பதுபோலக் காட்டினாள்.

சுகாதார உதவியாளர்தான் அவளை அந்த வீட்டுக்கு அழைத்துப் போனார். ஒரே அறை. ஒரு கட்டில், ஒரு அடுப்பு, மூலையில் விற்காத மூட்டைகள். துணிக்காரம்மா கட்டிலில், இடுப்பிலிருந்து கால்வரை கட்டோடு. முகத்தில் தங்கக் கண்ணாடி. அதைக் கழற்றவே இல்லை. நாலு நாளில் பழகும் என்று சொன்னார்களே, அதற்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு போட்டிருந்தாள்.

அக்காவைக் கண்டதும் எழ முயன்றாள். ஏதோ சொன்னாள். அவர் மாற்றிச் சொன்னார்: "கண்ணாடி ரொம்ப நல்ல கண்ணாடி, என் கண்ணுதான் சரியில்லை, அதுதான் பழக மாட்டேங்குதுன்னு சொல்றாங்க."

அக்கா கட்டிலோரம் உட்கார்ந்து அழுதாள். பிறகு கண்ணாடியைக் கழற்றக் கை நீட்டினாள். துணிக்காரம்மா சட்டென்று இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டாள்.

"இது உன் கண்ணாடி இல்லை, தப்பான கண்ணாடின்னு சொல்லுங்க. தப்பு என் மேலன்னு சொல்லுங்க."

அவர் சொன்னார். துணிக்காரம்மா அக்காவையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். குரல் உயர்ந்தது.

"குறை சொன்னதுக்காகக் கொடுத்ததைத் திருப்பி வாங்க வந்திருக்கீங்களான்னு கேக்கறாங்க. தெரியாம சொல்லிட்டேன், இனிமே சொல்ல மாட்டேன், எடுத்துடாதீங்கன்னு..." அவர் அதற்குமேல் மாற்றிச் சொல்லவில்லை.

அக்கா விடவில்லை. விட்டிருக்கலாமா என்று என்னிடம் எத்தனையோ முறை கேட்டிருக்கிறாள். கால் ஊன்றி எழுந்த பிறகு அதைப் போட்டுக்கொண்டு மறுபடி அந்தப் படியில் ஏறுவாள் என்று தோன்றியதாம். கைப்பையில் கைவிட்டு ஒன்றரை பிளஸ்ஸைத் தேடினாள். முகாம் நெரிசலில் அதை யாரோ எடுத்துப் போயிருந்தார்கள். வேறொன்று கொடுக்கக் கையில் எதுவும் இல்லாமல், படுத்த படுக்கையில் கிடந்தவளின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, கண்ணாடியை எடுத்துக்கொண்டாள். அந்தப் பெண் போட்ட கூச்சலில் அக்கம்பக்கம் வாசலில் கூடிவிட்டது. நடுவே வழிவிட்டார்கள். தெருவுக்கு வந்ததும் அவள் கண்ணாடியைக் கல்லில் அடித்து உடைத்தாள். அதையும் அவர்கள் பார்த்துக்கொண்டுதான் நின்றார்கள்.

அடுத்த வாரம் ஒருங்கிணைப்பாளர் அவளைக் கூப்பிட்டு, சிரித்த முகம் மாறாமல், உட்காரச் சொன்னார். "அம்மா, ஜனங்ககிட்டேர்ந்து உங்க மேல ஒரு புகார் வந்திருக்கு. கால் ஒடிஞ்சவகிட்டேர்ந்து கண்ணாடியைப் பிடுங்கிட்டீங்கன்னு. நிறுவனத்துக்கு ஒரு பேர் இருக்கில்லையா? நீங்க மூணு வாரம் முன்னாடியே கிளம்பிடுங்க. சர்டிபிகேட் முழு மூணு மாசத்துக்கும் கொடுத்துடறேன்."

அந்தக் கண்ணாடி எப்படி அவள் முகத்துக்கு வந்தது என்று அக்கா கேட்டாள்.

"போட்டு விட்டது நீங்கதானே? போட்டோ இருக்கே" என்றார் அவர்.

முன்கூட்டியே அனுப்பிவிட்டார்கள் என்று தம்பியிடம் சொல்ல வெட்கப்பட்டு, அந்த மூன்று வாரத்தை அங்கேயே ஒரு மலிவான விடுதியில் கழித்தாள். துணிக்காரம்மாவின் தெருவுக்கு இரண்டு முறை போனாள். கதவு திறக்கவில்லை.

விமான நிலையத்தில் அவளை முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. அவள் அவ்வளவு இளைத்திருந்தாள். வீட்டில் தம்பி தெருவுக்கே சொல்லி வைத்திருந்தார். "எங்கக்கா ஆப்பிரிக்காவுல மூவாயிரம் பேருக்குக் கண்ணு கொடுத்துட்டு வந்திருக்கா" என்று ஒவ்வொருவருக்கும் அறிமுகம் செய்தார். "அதெல்லாம் இல்லடா" என்று அவள் ஆரம்பித்தாள். "பாருங்க, தன்னடக்கம்" என்றார். தம்பி மனைவி, "அண்ணி இல்லாத மூணு மாசமும் எனக்கு இடுப்பு ஒடிஞ்சுபோச்சு" என்றாள். அந்த வார்த்தையைக் கேட்டதும் அக்கா கையில் இருந்த டம்ளரைக் குடிக்காமலே கீழே வைத்தாள். அது எனக்கு மட்டும்தான் தெரிந்தது.

கடையில் இன்னும் மோசம். தொண்டு நிறுவனம் முதலாளிக்கு அந்தப் படத்தை அனுப்பியிருந்தது. அக்கா குனிந்து ஒரு பெண்ணின் முகத்தில் தங்கக் கண்ணாடியை வைக்கிறாள். பெண் அண்ணாந்து பார்க்கிறாள். நல்ல படம்தான், பொய் சொல்லக் கூடாது. முதலாளி அதைப் பெரிதாக்கி, சட்டம் போட்டு, பில் போடும் இடத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டார்.

"எடுத்துடுங்க முதலாளி" என்றாள்.

"ஏம்மா? வர்றவங்க எல்லாம் விசாரிக்கறாங்க. நம்ம கடைக்கே பெருமை."

"அந்தம்மா கால் ஒடிஞ்சு கிடக்கறாங்க. என்னாலதான்."

அவர் கேட்டார், முழுவதும் கேட்டார். உச்சுக் கொட்டினார். "நல்லது செய்யப் போற இடத்துல நாலு விஷயம் இப்படித்தான் இருக்கும். அதையே நினைச்சுக்கிட்டு இருக்காதீங்க" என்றார். படம் அங்கேயே இருந்தது. நானும் அப்போது, "அவர் சொல்றதும் சரிதானே அக்கா" என்று சொன்னவள்தான். அதற்குப் பிறகு பத்து நாள் அவள் திறப்பு வழியாகக் கண்ணாடியை மட்டும் நீட்டினாள், பேசவில்லை.

தொண்டு நிறுவனத்தின் தலைமை அலுவலகத்துக்கு நாலு பக்கம் கடிதம் எழுதினாள். கழித்த கண்ணாடிகளின் எண்ணிக்கை, காரணம், துணிக்காரம்மாவுக்கு நேர்ந்தது, எல்லாம். உங்கள் மேலான சேவைக்கு நன்றி, அடுத்த ஆண்டும் எங்களோடு இணையுங்கள் என்று பதில் வந்தது. வாசல் பெட்டி நிரம்பியபோது, இனிமேல் நான் கழுவிக் கட்ட மாட்டேன் என்றாள். முதலாளி அந்த வேலையை என்னிடம் தந்தார். நான் கழுவவில்லை, பவர் பார்க்கவில்லை. அப்படியே நாடாவால் ஒட்டி அனுப்பினேன். என்னைக் கேட்டால், எனக்கு அன்றைக்குப் பசி, வீட்டுக்குப் போகணும். அக்கா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அதன்பின் ஒருநாள் பின்னறையில் அவள் ஒரு ஜோடி லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் சீட்டு கொடுத்த நினைவில்லை. ஒன்றரை பிளஸ், இரண்டு கண்ணுக்கும். இருப்பதிலேயே எடுப்பான தங்க நிறச் சட்டம் ஒன்றைத் தன் கணக்கில் எடுத்திருந்தாள். துணிக்காரம்மாவுக்கு அந்த நிறம்தான் பிடிக்கும் என்றாள். தொண்டு நிறுவனத்துக்கு அனுப்பாமல், சுகாதார உதவியாளரின் மருத்துவமனை முகவரிக்கு அனுப்பினாள். கூட ஒரு கடிதம்: மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

இரண்டரை மாதம் கழித்துப் பதில் வந்தது. அவள் அதைப் பிரிக்காமல் மத்தியானம்வரை வைத்திருந்து, பிறகு திறப்பு வழியாக என்னிடம் நீட்டினாள். "நீ படி."

உரக்கப் படித்தேன். கண்ணாடி பத்திரமாக வந்தது. நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்த அம்மா போட்டுக்கொண்டு ஊசியில் நூல் கோத்தார்கள். நம்பாமல், உருவி எடுத்து மறுபடியும் கோத்தார்கள். பிறகு பக்கத்து வீட்டாரையெல்லாம் கூப்பிட்டு, என் கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டு போனாளே, அவளுக்கு மனசாட்சி உறுத்தியிருக்கிறது, திருப்பி அனுப்பிவிட்டாள் என்று காட்டினார்கள். அது வேறு கண்ணாடி என்று நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. நீங்கள் மன்னிப்புக் கேட்டதைச் சொன்னதும், பார்த்தீர்களா, அவளே ஒப்புக்கொண்டாள் என்றார்கள். மற்றபடி இங்கே எல்லாம் பழையபடிதான். அடுத்த மாதம் மறுபடி முகாம்.

படித்து முடித்துவிட்டுக் கடிதத்தை மடித்தேன். குனிந்து பார்த்தேன். அவள் ஈரக் கையைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"கால் எப்படி இருக்குன்னு எழுதியிருக்காரா?" என்று கேட்டாள்.

இரண்டு பக்கத்தையும் திருப்பிப் பார்த்தேன். எழுதவில்லை.